வாயில்லாச் சீவன்

'வாயில்லாச் சீவன்' என்று நம்மவர்கள் வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாய் இல்லாமலா போயிற்று? பால்காரரின் மிதிவண்டி தெருமுனையில் திரும்பும்போதே குரைக்கவும், கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் நாளில் அடுக்களை வாசலில் முனகவும், பூனையைக் கண்டால் வானத்துக்கும் பூமிக்குமாய்க் கத்தவும் தெரிந்த வாய்தான். இல்லாதது ஒன்றே ஒன்று. 'எனக்கு இந்த இடத்தில் வலிக்கிறது' என்று சொல்லும் வாய். அந்த ஒன்று இல்லாமற்போவது எத்தனை பெரிய இல்லாமை என்பதை 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் இரண்டு நாட்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

செவலை எங்கள் வீட்டில் பிறந்தவள் அல்லள். குட்டியாக வந்தவளும் அல்லள். சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றில், எங்களில் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமான பெரியவர் வளர்த்த சிப்பிப்பாறை நாய் அவள். ஒட்டிய வயிறு, கூர்ந்த முகம், நீண்ட கால்கள், தொட்டால் எலும்பு தட்டுப்படும் உடல். முதன்முதலாகப் பார்ப்பவர்கள், "சோறு போடுறதில்லையா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாய் வார்த்தெடுத்த உடம்பு அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனால் சட்டம் வந்த செய்தி அந்தக் கால்களுக்கு எட்டவில்லை. கண்மாய்க் கரையில் அவிழ்த்துவிட்டால் காற்றைத் துரத்திக்கொண்டாவது ஓடுவாள்.

2005ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை, நாட்டு நாயினங்களுக்கென நான்கு தபால் தலைகள் வெளியிட்டது. அதில் ராஜபாளையம் நாய் இடம்பெற்றது, சிப்பிப்பாறை இடம்பெறவில்லை. பெரியவருக்கு இது இறுதிவரை ஆறாத மனத்தாங்கல். "பக்கத்து ஊர்க்காரனுக்கு ஸ்டாம்பு, நம்ம ஊர்க்காரிக்கு ஒண்ணுமில்லையாக்கும்" என்பார், ஏதோ சொந்தப் பேத்திக்குப் பரிசு கிடைக்காததைப்போல.

2019இல் பெரியவர் மறைந்தார். ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அம்மாவையும் செவலையையும் சென்னைக் கொளத்தூருக்கு அழைத்து வந்தோம். அப்போது அவளுக்கு வயது ஆறு. வந்த புதிதில் மாலை ஆறு மணியானால் வாசற் கம்பிக்கதவருகே போய் நிற்பாள். பெரியவர் காட்டிலிருந்து திரும்பும் நேரம் அது. காட்டையும் கரையையும் விட்டு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்த பிறகும் அந்த நேரம் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவளை அதட்டியதில்லை. தாமும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்துவிடுவார். இருவரும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று தோன்றியது.

ஆகவே, செவலைக்கு நோய் என்றபோது எங்கள் வீட்டில் நோயுற்றது ஒரு நாய் மட்டும் அன்று.

* * *

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். "ஏய்யா, தண்ணிய இம்புட்டுக் குடிக்குதே, என்னன்னு பாக்க மாட்டியளா?" என்றார். சட்டி நிறைய ஊற்றி வைத்த தண்ணீர் அரை மணியில் காலியாயிற்று. இரவில் இரண்டு முறை வெளியே விடச்சொல்லிக் கதவைப் பிறாண்டினாள். மறுநாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மறுநாள் அம்மா கையில் எடுத்து நீட்டிய முட்டையையும் தொடவில்லை. ஒட்டியிருக்க வேண்டிய அவள் வயிறு சற்றே பூரித்திருந்தது. அன்று காலையிலேயே வேப்பேரிக்குக் கிளம்பினோம்.

வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சென்னைவாசிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1903இல் 'டாபின் ஹால்' என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் நகரத்தை இழுத்துச் சென்ற காலம் அது. உழைக்கும் விலங்குகளுக்கென எழுந்த கல்விக்கூடம். இன்று அதன் வரிசையில் நிற்பவற்றில் பெரும்பாலானவை எந்த வண்டியையும் இழுக்காதவை; மனிதர்களின் மனத்தை மட்டும் இழுப்பவை.

மருத்துவர் இளம்பெண். வயிற்றைத் தடவிப் பார்த்தார். கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள் என்று கேட்டார். ஆவணி மாதம், ஆறு வாரம் ஆகிறது என்றோம். தலையை மெல்ல அசைத்துக்கொண்டார். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கறுப்பும் சாம்பலுமான திரையில் தடித்த குழாய்கள் சுருண்டு கிடப்பதுபோல் ஏதோ தெரிந்தது. "கர்ப்பப்பை முழுக்கச் சீழ், சார். பயோமெட்ரா என்போம். ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும். வேறு வழி யோசிக்கிற கட்டம் தாண்டிவிட்டது" என்றார்.

அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே சொல்லிவைப்பது நாய் வளர்க்கும் அன்பர்களுக்குப் பயன்படும். பெண் நாய் ஒவ்வொரு முறை பருவத்துக்கு வந்துபோன பின்னும், கருவுற்றாலும் இல்லாவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதம் அதன் உடலில் புரோஜெஸ்டிரான் என்ற இயக்குநீர் மிகுந்து நிற்கிறது. வரப்போகும் குட்டிகளுக்காகக் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது; கருப்பையின் வாய் மூடிக்கொள்கிறது; அந்நிய உயிரை விரட்டும் எதிர்ப்புச் சக்தியும் அவ்விடத்தில் தணிந்துவிடுகிறது. பிறக்காத குட்டிக்கு விரித்த அந்த மெத்தையில், பருவத்தின்போது மேலேறிய கிருமிகள் குடியேறிவிடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு இது திரும்பத் திரும்ப நிகழ, வயது ஏறும்போது ஆபத்தும் ஏறுகிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடிந்து நம்மை எச்சரிக்கும். மூடியிருந்தால் எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளேயே நிறையும். செவலைக்கு மூடியிருந்தது. கிருமிகளின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கி நீரைத் தேக்கிவைக்க விடாமற் செய்கிறது. அதனால்தான் அடங்காத தாகம். ஆக, அம்மா பார்த்த அந்தக் காலிச் சட்டிதான் செவலை எழுதிக்கொடுத்த ஒரே விண்ணப்பம்.

இது அரிய நோயும் அன்று. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பத்து வயதுக்குள் இது வந்துவிடுகிறது என்று ஸ்வீடன் நாட்டில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. இளமையிலேயே கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்நோய்க்கு அநேகமாக இடமே இல்லை. சிற்றூர்களில் சாதி நாய்களுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. குட்டிகளுக்காகவே அவற்றை வளர்ப்பது அங்கத்திய வழக்கம்.

அன்று முழுக்கக் குளுக்கோஸும் எதிர்நுண்ணுயிர் மருந்தும் ஏற்றினார்கள். நஞ்சேறிய உடலைக் கொஞ்சமாவது நிமிர்த்திய பிறகுதான் கத்தி வைக்க முடியுமாம். முன்னங்காலில் ஊசி ஏற்றியபோது செவலை அந்த மருத்துவரின் முகத்தைப் பார்த்து வாலை இரண்டு முறை ஆட்டினாள். நாலடியாரில் ஒரு செய்யுள், நட்புக்கு யானையையும் நாயையும் ஒப்பிடும். நாள்தோறும் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும்; நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த செய்யுள். சமண முனிவர் எவரோ இதைக் கண்ணால் காணாமல் எழுதியிருக்க முடியாது என்று அந்த இரும்பு மேசையின் அருகில் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

* * *

அறுவைக்கு நாள் மறுநாள் காலை. முன்னிரவு ஒருவரும் உறங்கவில்லை. இரவுக்குமேல் ஆகாரம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உணவைத் தொடாதவளுக்கு அந்தக் கட்டளை தேவைப்படவில்லை.

கவலை என்பது விசித்திரமான மிருகம். அதற்கு எதைப் போட்டாலும் தின்னும். நாங்கள் அதற்கு அன்றிரவு புள்ளிவிவரம் போட்டோம். பிரிட்டனில் 98,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. நலமாக உள்ள நாய்களில் மயக்க மருந்தை ஒட்டி இறப்பவை இரண்டாயிரத்தில் ஒன்று. இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டோம். அடுத்த வரி, நோயுற்ற நாய்களில் அது நூற்றுக்கு 1.33 என்றது. விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டோம். நூற்றில் ஒன்று என்பது மருத்துவருக்கு நல்ல எண். எதிரே தரையில் ஒருக்களித்துப் படுத்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்க்கையில், அந்த எண்ணுக்கு நூறு என்ற மறுபாதி இருப்பதாகவே தெரியவில்லை.

இனம் வேறு கூடுதல் கவலை தந்தது. வேட்டை நாய்களுக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. முன்னாளில் பரவலாகப் புழங்கிய தயோபென்டோன் என்ற மயக்க மருந்து, மூளையைவிட்டு விலகித் தசையிலும் கொழுப்பிலும் போய்த் தங்குவதால்தான் சாதாரண நாய்கள் விரைவில் கண்விழிக்கின்றன. கிரேஹவுண்டு போன்ற மெலிந்த இனங்களில் மருந்து போய்த் தங்க இடமில்லை. ஈரலும் அதை மெதுவாகவே சிதைக்கிறது. ஆகவே மணிக்கணக்கில் விழிக்காமல் கிடக்கும். சிப்பிப்பாறையும் அந்தச் சாயல் கொண்டது என்பதால் அம்மருந்தைத் தொடப்போவதில்லை. புரோபோஃபால் கொடுத்துத் தூங்கவைத்து, மூச்சுக்குழாய் வழியே ஐசோஃப்ளூரேன் வாயுவில் நிறுத்தப்போகிறோம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஓடுவதற்காகவே செதுக்கிய உடம்பு, ஓடாமல் கிடக்கவேண்டிய ஒரு மணி நேரத்தில் அதுவே பகையாகிறது!

அம்மா இவை எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து செவலையின் நெற்றியில் பூசினார். பைரவரின் வாகனமாயிற்றே என்று சமாதானம் வேறு. "அவுக போனப்ப இதுதான் எம்பக்கத்துல படுத்துக் கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதினாறு நாட்களும் வீடு நிறைய ஆட்கள் இருந்தோம். அம்மா சொல்வது பொய்யில்லை.

* * *

காலையில் ஒப்புதல் படிவம் தந்தார்கள். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிந்தே சம்மதிக்கிறோம் என்ற வழக்கமான வாசகங்கள். மனிதருக்கான படிவத்தில் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரே கையெழுத்திடுவார். இங்கே உயிர் ஒருவருடையது, ஒப்பம் வேறொருவருடையது. 'உரிமையாளர்' என்று அச்சிட்ட இடத்தில் சிறிது நேரம் பேனா நின்றது. வயலுக்கு உரிமையாளர் உண்டு, வண்டிக்கு உண்டு. மாலை ஆறு மணிக்குக் கதவருகே போய் நிற்கும் ஒன்றுக்கு உரிமையாளர் யார்? பிறகு கையெழுத்திட்டோம். தத்துவத்துக்கு வரிசையில் இடமில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

செவலையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. காத்திருக்கும் இடத்து விசுப்பலகையில் உட்கார்ந்தோம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், காலடியில் ஒரு வெள்ளாட்டோடு. ஆட்டின் இடப்பக்க வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் கல்யாண மண்டபத்தின் பின்புறம் கொட்டிய சோற்றைத் தின்றுவிட்டதாம். ஆடு மாடுகளுக்குச் சோறு நஞ்சாகும். தழையும் புல்லும் செரிக்கவேண்டிய இரைப்பையில் சோறு நிறைந்தால் புளித்து அமிலமாகி உயிரையே வாங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஓட்டேரியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

"உங்களுக்கு இன்னா அண்ணே?" என்று கேட்டார். நாய்க்கு ஆபரேஷன் என்றோம்.

"எம்மாம் ஆவும்?"

சொன்னோம். மருந்து, பரிசோதனை, வண்டிச் சத்தம் எல்லாமாகச் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஏளனமோ பொறாமையோ இல்லாமல், கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னார்: "அந்தக் காசுக்கு இத்த மாதிரி ரெண்டு வாங்கலாம் அண்ணே. இது செனையா கீது. பொண்ணு ஃபீஸுக்குன்னு வுட்டு வச்சேன்."

எங்களிடம் பதில் இல்லை. அதுவரை எங்கள் துயரம் அந்தக் கூடத்திலேயே பெரியதாக இருந்தது. இப்போது அதன் அருகில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எங்களுக்கு இழப்பு நேர்ந்தால் வீடு வெறுமையாகும். அவருக்கு நேர்ந்தால் ஒரு பெண்ணின் படிப்பு தடுமாறும். எது பெரிது என்று எடைபோடத் தராசைத் தேடினோம். அப்போது அந்த அம்மாள் ஆட்டின் தலையைத் தம் மடிமேல் தூக்கி வைத்து, காதை நீவிவிட்டுக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு, தோ கூப்டுவாங்க" என்றார். விலை தெரிந்தவர்தான், விலையோடு பேசவில்லை. வீட்டில் அம்மா செவலையிடம் முதல்நாள் இரவு பேசியதும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தாம், வேறு வட்டாரத் தமிழில். தராசைக் கீழே வைத்துவிட்டோம்.

"சாமியக் கும்பிட்டுக்கோங்க அக்கா, ஒண்ணும் ஆவாது" என்று அவர்தான் எங்களைத் தேற்றினார். சற்று நேரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆடு எழ மறுத்தது. எங்களில் ஒருவர் பின்புறம் தாங்கிப் பிடிக்க, அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் விட்டுத் திரும்பினோம்.

பிறகு வந்த நேரத்தைப் பற்றி எழுதுவது கடினம். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. கதவைப் பார்த்தோம். கடிகாரத்தைப் பார்த்தோம். யாரோ ஒருவர் ஒரு கூண்டில் பச்சைக்கிளியோடு வந்து, கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று கேட்டுத் திகைத்து நின்றார். வீட்டிலிருந்து அம்மா நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார். ஒவ்வொரு முறையும், "இன்னும் இல்ல" என்ற இரண்டு சொற்களுக்குமேல் எங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நினைக்கும்போதெல்லாம் 'நாயேன்' என்றார். தருமனோ நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று இந்திரனிடமே வாதாடினான். நம் மரபில் கடைசிப் படியும் நாய்தான், சொர்க்கத்தின் வாசலும் நாய்தான். இப்படியெல்லாம் யோசித்தது ஞானத்தால் அன்று. கதவு திறக்கவில்லையே என்பதால்.

ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மருத்துவரின் முகமூடி கழுத்தில் தொங்கியது. ஒரு தட்டில் மூடி எடுத்துவந்து காட்டினார்: இரு கிளைகளாய்ப் பிரிந்து, கொழுத்த மலைப்பாம்புக் குட்டிகள்போல வீங்கிய கருப்பை. ஒன்றரைக் கிலோ என்றார். பதினெட்டுக் கிலோ உடம்புக்குள் இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டுதான் அவள் மாலை ஆறு மணிக்குக் கதவருகே போய் நின்றிருக்கிறாள். "உடையவில்லை, அதுதான் நல்லது. விழிக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றார்.

விழிப்பதற்கும் நேரமாயிற்று. உடல் வெப்பம் தாழ்ந்திருந்ததால் கம்பளியால் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அதில் அவள் இல்லை. காதருகே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டோம், அசைவில்லை. எங்களில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றி வீட்டுக்கு அழைத்து, கைப்பேசியை அவள் காதருகே வைத்தோம். அம்மா என்ன சொன்னார் என்பது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பேச்சின் நடுவே செவலையின் காது மட்டும் ஒருமுறை துடித்தது. மயக்கம் தெளியும் நேரமும் அதுதான் என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இருக்கலாம். அம்மாவிடம் அதை நாங்கள் சொல்லவில்லை.

* * *

அடுத்த மூன்று நாட்கள் மருந்துக்கும் ஊசிக்குமாக அலைந்தோம். தையலை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டிய புனல் போன்ற பிளாஸ்டிக் வளையத்தோடு வீட்டுச் சுவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தாள். நான்காம் நாள் அம்மா கையால் தயிர்ச்சோறு இறங்கிற்று. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

பெண் நாய் வளர்க்கும் அன்பர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பருவம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் தாகம் கூடினாலோ, உணவு குறைந்தாலோ, வயிறு பூரித்தாலோ, சீழ் வடிந்தாலோ, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கவேண்டாம். அதற்கு வாய் இல்லை. நமக்குக் கண் உண்டு.

தையல் பிரித்துவிட்டு வீடு திரும்பிய அன்று, நடந்ததையெல்லாம் அம்மாவுக்கு முதலிலிருந்து ஒருமுறை சொன்னோம். கட்டி, தட்டு, வெந்நீர்ப்புட்டி எல்லாவற்றையும் மௌனமாகக் கேட்டுக்கொண்டார். ஓட்டேரி அம்மாளின் கதைக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆடு பொழைச்சுச்சாய்யா?"

எங்கள் செவலையை வெளியே கொண்டுவந்தபோது அந்த விசுப்பலகை காலியாக இருந்தது. அந்த அம்மாள் எந்தக் கதவு வழியாக, எதைத் தூக்கிக்கொண்டு போனார் என்று எங்களுக்குத் தெரியாது என்றோம். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து செவலைக்குப் பூசிவிட்டு, இன்னொரு சிட்டிகை எடுத்து, யார் நெற்றியும் இல்லாத இடத்தில், காற்றில் மெல்லத் தூவினார்.